குங்ஃபூ காமெடிப் படங்கள்: புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வழி

விருந்தாளியும் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து மது ருசி பார்க்கிறார்கள். கோப்பையை நீட்டுவது, வாங்குவது, முகர்வது, பாராட்டுவது எல்லாம் படு மரியாதையாக நடக்கிறது. முகத்தில் புன்னகை குறையவே இல்லை. ஆனால் கோப்பையை நீட்டுகிற கை விருந்தாளியைத் தாக்கத்தான் வருகிறது. வாங்குகிற கை அதைத் தட்டிவிட்டுத்தான் வாங்குகிறது. கீழே கால்கள் உதைத்துக்கொள்கின்றன. பேச்சு மட்டும் மதுவின் சுவையைப் பற்றியே ஓடுகிறது. அங்கே நடப்பது கொலை முயற்சி என்பதை இரண்டு பேருமே கடைசிவரை ஒப்புக்கொள்வதில்லை.

லாவ் கார்-லியூங் இயக்கி 1979இல் வந்த 'டர்ட்டி ஹோ' படத்தின் காட்சி இது. கேட்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வருகிறதென்றால், ஹாங்காங்கின் குங்ஃபூ காமெடிப் படங்கள் உங்களுக்கானவை. நம் பழைய படங்களில் சண்டைக் காட்சி தனியாகவும் காமெடி டிராக் தனியாகவும் ஓடும். இங்கே அப்படி இல்லை. சண்டையேதான் ஜோக். அந்த ஜோக்கைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது மரியாதை: யார் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும், யார் முன்னால் யார் உட்காரக் கூடாது, அடிக்கும்போதும் எந்த வரம்பைத் தாண்டக் கூடாது என்கிற கணக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டால் படம் இரண்டு மடங்கு சிரிப்பாகிவிடும்.

எதில் ஆரம்பித்து எந்த வரிசையில் போகலாம் என்று என் அனுபவத்தில் சரிப்பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை: சரியான பிரதியைப் பிடிப்பது

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரே படம் நாலு பெயரில், நாலு நீளத்தில், நாலு மொழியில் கிடைக்கும். 1994இல் வந்த 'டிரங்கன் மாஸ்டர் 2' அமெரிக்காவில் 2000இல் 'தி லெஜண்ட் ஆஃப் டிரங்கன் மாஸ்டர்' என்ற பெயரில் வெளியானபோது, பின்னணி இசையை மாற்றி, ஆங்கிலத்தில் டப் செய்து, கடைசிக் காட்சியையும் வெட்டிவிட்டார்கள். 'அயர்ன் மங்கி'க்கும் அங்கே இசை மாற்றம் நடந்தது. ஆகவே படத்தைத் தொடங்கும் முன் ஓடும் நேரத்தையும் ஒலித் தடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சீன மொழித் தடமும் சப்டைட்டிலும் இருக்கிற பிரதிதான் முதல் தேர்வு.

எந்தச் சீன மொழி? ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் படங்கள் பெரும்பாலும் மாண்டரினில் இருக்கும். ஜாக்கி சான், சாம்மோ ஹங் வகையறாவுக்குக் கான்டனீஸ்தான் பொருத்தம். ஹாங்காங் தெருப் பேச்சின் நையாண்டி அதில்தான் இருக்கிறது. உதட்டசைவு பொருந்தவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கமே பெரும்பாலும் இல்லை, எல்லாமே பிற்பாடு டப்பிங் தியேட்டரில் சேர்த்ததுதான்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா? தாராளமாக. நம்மில் பாதிப் பேர் ஜாக்கி சானை அப்படித்தான் தெரிந்துகொண்டோம். உண்மையில் ஒரு விஷயத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட வசதி. ஆங்கில சப்டைட்டில் 'பிரதர்', 'அங்கிள்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டுவிடும். சீனத்தில் நம்மைப் போலவே அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், பெரியப்பாவுக்கு வேறு, சித்தப்பாவுக்கு வேறு. நீங்கள் எந்த மொழியில் பார்த்தாலும் மனதுக்குள் தமிழ் முறையைப் போட்டுப் பாருங்கள்.

பார்க்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம் விஷயம்

ஆசிரியரைக் கான்டனீஸில் 'சிஃபூ' என்பார்கள். அவரிடம் படிக்கிற எல்லோரும் ஒரே குடும்பம். முன்னால் சேர்ந்தவர் 'சிஹிங்', அதாவது அண்ணன். பின்னால் சேர்ந்தவர் 'சிடாய்', தம்பி. வயது கணக்கில் வராது. பத்து வயதுப் பையன் ஒரு வருடம் முன்னால் சேர்ந்திருந்தால் முப்பது வயதுக்காரர் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆசிரியருடன் கூடப் படித்தவர்கள் மாணவர்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா முறை. மண்டியிட்டு இரு கையாலும் தேநீர் கொடுத்து ஆசிரியர் அதைக் குடித்துவிட்டால் சீடனாக ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

முன்மண்டையை மழித்துப் பின்னால் நீளப் பின்னல் விட்டிருந்தால் கதை சிங் வம்சக் காலத்தில் நடக்கிறது. மஞ்சு ஆட்சியாளர்கள் ஹான் சீன ஆண்கள் மீது திணித்த முடி அது; 1911 புரட்சியோடு போயிற்று. சண்டையில் அந்தப் பின்னலைக் கழுத்தில் சுற்றிக்கொள்வது, பல்லில் கடித்துக்கொள்வது, எதிரி அதைப் பிடித்து இழுப்பது என்று அதுவே ஒரு கருவி மாதிரி ஆகிவிடும்.

அடுத்து வாங் ஃபெய்-ஹுங். இவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1847இல் பிறந்து 1920களில் இறந்த தென்சீன குங்ஃபூ ஆசிரியர், வைத்தியர். 'போ சி லாம்' என்ற பெயரில் மருந்துக்கடை வைத்திருந்தார். 1949 தொடங்கி க்வான் டக்-ஹிங் என்கிற நடிகர் 70க்கும் மேற்பட்ட படங்களில் இவராக நடித்தார். எல்லாவற்றிலும் அப்பழுக்கற்ற ஒழுக்கசீலர், உபதேசம் செய்கிற பெரியவர். இந்தப் பிம்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

நம்மவர்கள் இந்த இடத்தில் போதிதர்மரைக் கொண்டுவருவார்கள். தென்னிந்தியாவிலிருந்து போன துறவி என்கிற மரபு சீனத்திலேயே பழையதுதான். ஆனால் அவர்தான் ஷாவோலின் பௌத்த மடத்தில் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. சிரிப்புப் படங்களில் அவருக்குப் பெரிய வேலையும் இல்லை. விடுங்கள்.

முதல் படம்: 'டிரங்கன் மாஸ்டர்' (1978)

வேறெதிலும் ஆரம்பிக்க வேண்டாம். ஏன் என்றால் கொஞ்சம் பின்கதை. 1973 ஜூலையில் புரூஸ் லீ இறந்தார். அடுத்த சில வருடங்கள் ஹாங்காங் முழுக்க அடுத்த புரூஸ் லீயைத் தேடினார்கள். ஜாக்கி சானையும் முறைத்துப் பார்க்க வைத்து, பழிவாங்க வைத்து, அந்த அச்சில் வார்க்கப் பார்த்தார்கள். படங்கள் ஓடவில்லை. 1978இல் ங் சீ-யுவென் என்கிற தயாரிப்பாளர் ஜாக்கியை அவருடைய கம்பெனியிடமிருந்து இரவல் வாங்கி, முதன்முதலாக இயக்க வந்த யுவென் வூ-பிங்கிடம் கொடுத்தார். 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' என்று ஒரே வருடத்தில் இரண்டு படம். அத்தோடு எல்லாம் மாறிப்போயிற்று.

'டிரங்கன் மாஸ்டரி'ன் நாயகன் யார் தெரியுமா? அதே வாங் ஃபெய்-ஹுங். ஆனால் வாலிப வயதில், உருப்படாத பிள்ளையாக. 70 படங்களில் உபதேசம் செய்த பெரியவர், இங்கே சந்தையில் ஒரு பெண்ணிடம் வாலாட்டி அவளுடைய அம்மாவிடம் செமத்தியாக அடி வாங்குகிறார். வீட்டுக்கு வந்தால் அந்த அம்மா சொந்த அத்தை. அன்றைய ஹாங்காங் ரசிகருக்கு இது எவ்வளவு பெரிய குறும்பு என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பா கோபத்தில் மகனை ஒரு குடிகாரக் கிழவரிடம் பயிற்சிக்கு அனுப்ப முடிவு செய்கிறார். பிச்சைக்காரர் சோ என்கிற அந்தக் கிழவராக நடித்தவர் யுவென் சியு-டியென், இயக்குநரின் சொந்த அப்பா. பயிற்சிக் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடாதீர்கள், படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு காட்சியில் பையன் கால்களால் தலைகீழாகத் தொங்குகிறான். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர். குட்டித் தேநீர்க் கோப்பையால் மொண்டு, உடம்பை மடக்கி எழுந்து, மேலே இருக்கிற பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். திரும்பக் கீழே. திரும்ப மேலே. அது கேமரா தந்திரம் இல்லை. வயிற்றுத் தசை இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். நமக்குச் சிரிப்பும் வரும், வயிறும் வலிக்கும்.

கற்றுக்கொள்கிற கலை 'எட்டு அமரர்கள்', அதாவது சாகாவரம் பெற்ற எட்டுப் பேர் என்கிற சீனத் தாவோயிச மதக் கதைமாந்தர்களை வைத்து அமைந்தது. ஒவ்வொரு அமரருக்கும் ஒரு குடிகார நடை: ஒருவர் நொண்டி, ஒருவர் குழல் ஊதுகிறவர், இப்படி. எட்டு பேரில் ஹோ என்கிற அம்மையார் மட்டும் பெண். பொம்பளை நடையை நான் ஏன் கற்க வேண்டும் என்று பையன் அதை மட்டும் விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் எதிரியாக வருகிறவர் ஹ்வாங் ஜாங்-லீ, கொரியக்காரர். அந்தக் கால்களைப் பார்த்தால் உங்களுக்கே பயம் வரும். ஏழு அமரர்களும் தீர்ந்துபோன பிறகு பையன் எதைக் கையில் எடுப்பான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைய கண்ணுக்கு அந்தக் கிண்டல் கொஞ்சம் நெருடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கும் விதம்

ஒரு சண்டையை மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை கால்களை மட்டும். மூன்றாம் தடவை ஒலியை நிறுத்திவிட்டு.

அப்போது ஒன்று புலப்படும். இரண்டு பேரும் தலை முதல் கால் வரை திரைச் சட்டகத்துக்குள் இருக்கிறார்கள், நாலைந்து அடிகள் வெட்டே இல்லாமல் போகின்றன, பிறகு ஒரு கணம் சிலையாக நிற்கிறார்கள், திரும்பத் தொடங்குகிறார்கள். அந்த நிறுத்தம் சீன இசை நாடக மேடையிலிருந்து வந்தது. அங்கே தாளக்கருவி ஓங்கி ஒலிக்க, நடிகர் நின்று ஒரு பார்வை பார்ப்பார். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் பேச்சும் மத்தளமும் சேர்ந்து நிற்கிற இடம் மாதிரி.

இது தற்செயல் இல்லை. ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவென் பியாவ் மூவரும் ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் என்கிற ஆசிரியர் நடத்திய நாடகப் பள்ளியில் சிறுவயதிலேயே ஒப்பந்தம் போட்டுச் சேர்க்கப்பட்டவர்கள். நம்மூர் பாய்ஸ் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், தவறினால் பிரம்படி. ஆசிரியரின் பெயரிலிருந்து 'யுவென்' என்பதைப் பிள்ளைகள் மேடைப் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, வலி. புரூஸ் லீ அடித்தால் எதிரிக்குத்தான் வலிக்கும். ஜாக்கி சான் அடித்தால் அவருக்கும் வலிக்கும்; குத்திவிட்டுக் கையை உதறுவார், முகத்தைச் சுளிப்பார். ஓடுவார், ஒளிவார், ஸ்டூலைத் தூக்கிக் குறுக்கே வைப்பார். ஒரு அறைக்குள் சண்டை தொடங்கும்போதே அங்கே என்னென்ன சாமான் கிடக்கிறது என்று கணக்கெடுத்து வைத்துக்கொண்டால் பாதி ஜோக் முன்கூட்டியே பிடிபடும்.

அடுத்து: மரியாதைச் சண்டைகள்

இப்போது 'டர்ட்டி ஹோ'வுக்கு வரலாம். அதன் நாயகன் மாறுவேடத்தில் திரியும் இளவரசர். தனக்குச் சண்டை தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் ஒரு காட்சியில் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கையையும் காலையும் பின்னாலிருந்து பொம்மலாட்டம் மாதிரி அசைத்து, அவள்தான் சண்டை போடுகிறாள் என்று எதிரியை நம்ப வைக்கிறார்.

அதோடு சேர்த்து 'தி மேக்னிஃபிசென்ட் புட்சர்' (1979). இதில் க்வான் டக்-ஹிங் தம் வழக்கமான பெரியவர் வேடத்திலேயே வருகிறார். வம்புக்கு வந்த இன்னொரு ஆசிரியர் தாக்கத் தாக்க, இவர் தூரிகையால் எழுத்துக் கலையைத் தொடர்ந்துகொண்டே தடுக்கிறார். தூரிகை பாயும், தாள் பறக்கும், எழுத்து மட்டும் கெடாது. கோபப்படாமல் இருப்பதே அடி. யுவென் வூ-பிங் இயக்கிய 'டிரெட்நாட்'டில் (1981) அதே பெரியவருக்கு அளவெடுக்க வருகிற தையற்காரர் உண்மையில் கொலைகாரன். நாடாவை வைத்து அளவெடுக்கும் சாக்கில் நடப்பதைப் பாருங்கள்.

எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது 'மை யங் ஆண்ட்டி' (1981). சொத்தைக் கெட்ட தம்பியிடமிருந்து காப்பாற்றுவதற்காக ஒரு கிழவர் சாகும் தறுவாயில் ஓர் இளம்பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அவர் போன பிறகு அவள் பத்திரங்களோடு அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். அந்தப் பிள்ளைக்கே ஐம்பது வயதுக்குக் கிட்ட. ஆனால் முறைப்படி அவள் சித்தி. அவர் மண்டியிட்டு வணங்குகிறார். வெளியூரில் படித்துவிட்டு அரைகுறை ஆங்கிலத்தோடு திரும்பிய அவர் மகனுக்கோ இந்தப் பாட்டி முறைப் பெண்ணைப் பார்த்தாலே எரிச்சல். ஆங்கிலம் பேசும் ரசிகருக்கு இதை விளக்க ஒரு பத்தி தேவைப்படும். நமக்குத் தேவையே இல்லை. எல்லோர் வீட்டிலும் தன்னைவிடச் சின்ன வயதில் ஒரு சித்தியோ மாமாவோ உண்டு. சித்தியாக நடித்த காரா ஹுய் இந்தப் படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதுகளின் முதல் விழாவிலேயே சிறந்த நடிகை விருது வாங்கினார். சீனத்து இறுக்க உடையும் ஹை ஹீல்ஸ் செருப்புமாக அவர் போடும் சண்டைக்கு அந்த விருது தகும்.

பிறகு நாடகப் பள்ளிப் பிள்ளைகள்

'தி ப்ராடிகல் சன்' (1981): பணக்கார அப்பா, மகனுக்கு அடிபடக் கூடாது என்று எதிராளிகளுக்கெல்லாம் ரகசியமாகக் காசு கொடுத்துத் தோற்கச் சொல்கிறார். மகன் தன்னை மகாவீரன் என்று நம்பிக்கொண்டிருக்க, ஒரு நாள் காசு வாங்காத ஒருவரிடம் மாட்டுகிறான். அவர் நாடகத்தில் பெண் வேடம் போடுகிறவர். விங் சுன் என்கிற குங்ஃபூ பாணியை இதைவிட நுணுக்கமாகக் காட்டிய காமெடி எனக்குத் தெரிந்து இல்லை.

'புராஜெக்ட் ஏ' (1983): கடற்கொள்ளையர், போலீஸ், சைக்கிள் சந்து. மணிக்கூண்டிலிருந்து ஜாக்கி சான் துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு நிஜமாகவே விழுகிறார். மௌனப் பட நடிகர் ஹெரால்ட் லாயிடுக்கு அது ஒரு வணக்கம்.

ஒரு முன்னெச்சரிக்கை. இந்தப் படங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கொடூரமாகும். 'மேக்னிஃபிசென்ட் புட்சரி'ல் ஒரு பெண்ணுக்கு நேர்வதும், 'ப்ராடிகல் சன்'னில் நாடகக் குழுவுக்கு நேர்வதும் குழந்தைகளோடு பார்க்கக் கூடியவை அல்ல. காமெடி என்று நம்பி உட்கார வைத்துவிடாதீர்கள்.

பேய் வேண்டுமென்றால்

'மிஸ்டர் வாம்பயர்' (1985) ஒன்று போதும். சீனத்துப் பிணப்பேய் விறைத்துப்போனது, ஆகவே குதித்துக் குதித்துத்தான் வரும். சிங் காலத்து அதிகாரி உடை, நெற்றியில் மஞ்சள் மந்திரத் தாள். மூச்சை அடக்கிக்கொண்டால் அதற்கு நாம் இருப்பது தெரியாது. அதன் விஷத்துக்கு மருந்து ஒட்டும் பச்சரிசி வகை. கடைக்காரர் அதில் சாதா அரிசியைக் கலந்து விற்றுவிடுவதால் வரும் வினையைப் பாருங்கள், ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் புரியும். மந்திரவாதி குரு லாம் சிங்-யிங். 'ப்ராடிகல் சன்'னில் பெண் வேடம் போட்டவர் இவர்தான். புருவம் ஒட்டிக்கொண்ட முகத்தில் சிரிப்பே வராது, அதனால்தான் நமக்கு வருகிறது. மேற்கத்திய பாணி ஓட்டலில் காபி ஒரு பக்கம் பால் ஒரு பக்கம் என்று தனித்தனியாக வர, குருவும் சீடனும் அதை என்ன செய்வது என்று விழிக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக 'குங்ஃபூ ஹஸில்' (2004)

என் அக்கா மகனுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். தப்புப் பண்ணிவிட்டேன். கார்ட்டூன் வேகத்தில் ஓடும் ஸ்டீஃபன் சோவின் இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவனுக்கு 'டிரங்கன் மாஸ்டர்' ஆமை வேகமாகத் தெரிந்தது. பத்தாவது நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிட்டான். பழசைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் இதில் இருக்கிற ஒவ்வொரு சீண்டலும் தெரியும். ஒட்டுக்குடித்தனக் குடியிருப்பு 1973இல் வெற்றி பெற்ற 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' படத்தை நினைவூட்டுவது; சிறுவனிடம் விற்கப்படும் 'புத்தரின் உள்ளங்கை' வித்தைப் புத்தகம் 1960களின் கான்டனீஸ் மாயாஜாலப் படங்களிலிருந்து வந்தது.

படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். தலையில் சுருள் கிளிப்புகள், வாயில் சிகரெட், ஊரையே கிடுகிடுக்க வைக்கும் குரலோடு வரும் வீட்டுக்காரம்மா யுவென் சியு. அவருடைய புருஷன் யுவென் வா. இரண்டு பேருமே அந்தப் பழைய நாடகப் பள்ளியில் யூ ஜிம்-யுவெனிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். சண்டை அமைப்பில் யுவென் வூ-பிங்கின் பெயரும் வரும். ஆனால் அவர் அந்தப் பள்ளிப் பிள்ளை அல்ல. அவருடைய யுவென் அப்பா வழிக் குடும்பப் பெயர், சீனத்தில் எழுத்தே வேறு.